வேலியே பயிரை மேய்ந்தால்...?

கிருஷ்ணகிரியிலிருந்து ஊத்தங்கரை வழியாக அரூரை அடைந்து, அங்கிருந்து சித்தேரி மலையை நோக்கிச் செல்வோமாயின் மலையடிவாரத்தில் ஒரு சிற்றூரைக் காண்போம். வாச்சாத்தி என்பது அதன் பெயர். மலையாளி எனப்படும் பழங்குடி மக்கள் பெரும்பான்மையராய் வாழும் ஊர். பெயரைக் கேட்டு அவர்களைக் கேரளத்தார் என்று எண்ணிவிடலாகாது. தலைமுறை தலைமுறையாக நம் மலைகளில் வாழ்ந்து, தமிழையே தாய்மொழியாகப் பேசிவருபவர்கள் அவர்கள்.

இன்று அவ்வூர் தருமபுரி மாவட்டத்தைச் சேர்ந்தது. ஆயினும் 2004ஆம் ஆண்டு பிப்ரவரித் திங்கள் 9ஆம் நாள் நம் கிருஷ்ணகிரி மாவட்டம் தனியே பிரிக்கப்படும்வரை, ஓசூரும் தேன்கனிக்கோட்டையும் கிருஷ்ணகிரியும் அரூரும் ஒரே மாவட்ட ஆட்சியரின் கீழ்தான் இருந்தன. ஆகவே வாச்சாத்தியின் கதை அயலார் கதையன்று. நம் வீட்டுக் கதை.

அதனை இப்போது எடுத்துரைக்க வேண்டிய தேவை என்ன? காவல் நிலையம், கைது, வழக்கு என்ற பேச்சு எழும்போதெல்லாம் நம் குடும்பங்களில் இரண்டு சொற்கள் தவறாமல் ஒலிப்பதைக் கேட்கிறோம். "தப்புச் செய்யாதவனையா பிடித்துக்கொண்டு போவார்கள்?" என்பது ஒன்று. "அரசாங்கத்தை எதிர்த்து ஏழைகள் என்ன செய்துவிட முடியும்?" என்பது மற்றொன்று. முன்னது குற்றமற்றவனைக் கைவிடுகிறது. பின்னது குற்றவாளியைக் காப்பாற்றுகிறது. இவ்விரண்டும் பொய் என்பதை முப்பத்தோர் ஆண்டுப் போராட்டத்தால் மெய்ப்பித்துக் காட்டியவர்கள் வாச்சாத்தியின் பெண்கள்.

சந்தனமும் சந்தேகமும்

தேன்கனிக்கோட்டை, அஞ்செட்டிக் காடுகள் தொடங்கிக் காவிரிக்கரை வரையிலும், அப்பால் கர்நாடகத்து மாதேசுவரன் மலை வரையிலும், சத்தியமங்கலம் வரையிலும் பரந்து கிடக்கும் வனப்பகுதியில் சந்தனக் கடத்தல் உச்சத்திலிருந்த காலம் அது. வீரப்பனின் பெயர் இரு மாநிலத்துச் சட்டமன்றங்களிலும் ஒலித்துக்கொண்டிருந்தது. சித்தேரி மலையும் சந்தனத்திற்குப் பெயர் பெற்றதே. கடத்தலில் மரத்தை வெட்டிச் சுமப்பவன் அன்றாடக் கூலிக்கு வருபவன். விலைபேசிப் பணம் சேர்ப்பவனோ காட்டுப்பக்கம் தலைகாட்டாதவன். இடையில் எத்தனையோ சோதனைச் சாவடிகள். அவற்றைக் கடந்துதான் மரம் நகரத்திற்குச் சென்றாக வேண்டும். எவருடைய கண்ணும் மூடாமல் அது சென்றிருக்க இயலுமா என்பதை வாசகர்களே சிந்தித்துக் கொள்ளலாம்.

இந்நிலையில் அதிகாரிகளுக்கு நடவடிக்கை எடுத்ததாகக் காட்ட ஓர் இடம் தேவைப்பட்டது. செல்வாக்குள்ளவர்களின் வாயிற்படி அவ்விடம் ஆகவில்லை. எழுத்தறிவும் ஆள்பலமும் இல்லாத மலையடிவாரச் சிற்றூரே அவ்விடமாயிற்று.

மூன்று துறைகள், ஒரு குற்றம்

1992ஆம் ஆண்டு ஜூன் 20. கடத்தல் சந்தனக் கட்டைகளைத் தேடுவதாகக் கூறிக்கொண்டு வாச்சாத்திக்குள் நுழைந்தவர்கள் ஒருவர் இருவர் அல்லர். வனத்துறையினர் 155 பேர், காவல்துறையினர் 108 பேர், வருவாய்த்துறையினர் 6 பேர், ஆக 269 அரசு ஊழியர்கள். ஆடவர் பலர் ஊரை விட்டு ஓடினர். அகப்பட்டோரையும், பெண்களையும், குழந்தைகளையும், முதியோரையும் ஊர் ஆலமரத்தடிக்கு இழுத்து வந்து அடித்தனர். வீடுகள் சூறையாடப்பட்டன. தானியத்தில் கண்ணாடித் துண்டுகளைக் கலந்தனர், கிணற்று நீரைப் பாழாக்கினர், கால்நடைகளைக் கொன்றனர். ஒரு குடும்பம் மறுநாள் அடுப்பு மூட்டுவதற்கு எவையெவை வேண்டுமோ அவையனைத்தும் திட்டமிட்டு அழிக்கப்பட்டன.

மறைத்து வைத்த கட்டைகளைக் காட்டவேண்டும் என்று சொல்லிப் பதினெட்டுப் பெண்களை மட்டும் ஏரிப்பக்கம் அழைத்துச் சென்றனர். அங்கே அவர்கள் மானபங்கப்படுத்தப்பட்டனர். அவர்களுள் சிறுமியும் இருந்தாள். இதற்குமேல் விரித்துரைக்க நம் எழுதுகோல் கூசுகிறது. பிறகு அரூர் வனத்துறை அலுவலகத்தில் அடைத்து வைக்கப்பட்டு, கைக்குழந்தைகளோடு நூற்றுக்கும் மேற்பட்டோர் சேலம் மத்திய சிறைக்கு அனுப்பப்பட்டனர். அவர்கள்மீது சாட்டப்பட்ட குற்றம் சந்தனக் கடத்தல்!

அடைபட்ட கதவுகள்

ஒருவர்க்கு அநீதி இழைக்கப்பட்டால் அவர் எங்கே செல்வார்? காவல் நிலையத்திற்குச் செல்வார். காவலரோ இங்கே குற்றம் சாட்டப்பட்டவர். தாசில்தாரிடம் செல்வார், வருவாய்த்துறையினரோ உடன் வந்தவர். வனத்துறையிடம் செல்வார், வழக்குப் போட்டதே வனத்துறை. மூன்று துறைகளும் ஒன்றையொன்று கண்காணிப்பதற்காக அமைந்தவை. அவை ஒன்றுகூடிக் குற்றம் செய்தபோது, ஒருவருடைய அறிக்கைக்கு மற்றவரே சான்றாகிவிட்டனர்.

அன்றைய மாநில அரசும் இதனை ஏற்க மறுத்தது. அவ்வூரார் கடத்தல்காரர் என்பதும், தம்மைக் காத்துக்கொள்ளவே பொய்ப்புகார் கூறுகின்றனர் என்பதுமே அரசுத் தரப்பின் மறுமொழியாக இருந்தது. எளியவரின் சொல்லை அழிக்கச் சிறந்த வழி, முதலில் அவருக்குக் குற்றவாளி என்று பெயர் சூட்டுவதே. பெயர் சூட்டியபின் அவர் சொல்வதை எவர் கேட்பார்?

கதவு திறந்த விதம்

உள்ளிருந்து திறவாத கதவு வெளியிலிருந்து திறந்தது. தமிழ்நாடு மலைவாழ் மக்கள் சங்கத்தாருக்குச் செய்தி எட்டியது. அவர்கள் பாழடைந்த ஊரை நேரில் கண்டனர். மார்க்சிஸ்ட் கட்சியின் மாநிலச் செயலாளராயிருந்த நல்லசிவன் உச்ச நீதிமன்றத்தை நாடினார். உச்ச நீதிமன்றம் சென்னை உயர்நீதிமன்றத்திற்குச் செல்லுமாறு பணித்தது. அரசியல் கொள்கையில் அவர்களோடு மாறுபடுவோரும், அவர்கள் அன்று செய்த இத்தொண்டை மறுக்க இயலாது.

இங்கே ஓர் அரசு அலுவலரையும் நன்றியோடு குறிப்பிடுதல் நம் கடமை. தாழ்த்தப்பட்டோர், பழங்குடியினர்க்கான தேசிய ஆணையத்தின் தென்மண்டல இயக்குநராயிருந்த பாமதி அம்மையார் நேரில் விசாரித்து, அம்மக்களின் புகார் உண்மையே என அறிக்கை அளித்தார். அரசு ஊழியர் அனைவரும் ஒரே மாதிரி என்று சொல்லித் திரிவோர் இதனை நினைவிற்கொள்வார்களாக. 269 அரசு ஊழியர் செய்த தவற்றை வெளிக்கொணர்ந்ததில் ஓர் அரசு ஊழியரின் எழுதுகோலுக்கும் பங்கு உண்டு.

1995ஆம் ஆண்டில் உயர்நீதிமன்றம், வழக்கை மாநிலக் காவல்துறையின் கையிலிருந்து எடுத்து மத்தியப் புலனாய்வுத் துறையிடம் ஒப்படைத்தது. மறு ஆண்டில் 269 பேர்மீதும் குற்றப்பத்திரிகை தாக்கல் செய்யப்பட்டது.

பத்தொன்பது ஆண்டுக்குப் பின் ஒரு தீர்ப்பு

குற்றப்பத்திரிகை எழுந்துவிட்டால் நீதி கிடைத்துவிட்டது என்று பொருளன்று. வாய்தாவுக்கு மேல் வாய்தா. அன்று இளம்பெண்ணாக இருந்தவள் தாயாகி, அவள் மகளும் வளர்ந்துவிட்டாள். எத்தனை தடவை கூண்டில் ஏறி, எத்தனை வழக்கறிஞர் முன், சொல்ல நாணும் சொற்களை அப்பெண்கள் சொல்லியிருப்பார்கள்! ஒரு நாள் நீதிமன்றம் செல்வதென்றால் கூலிக்காரக் குடும்பத்தில் அன்று கஞ்சி இல்லை. ஆயினும் அவர்கள் பின்வாங்கவில்லை, சொன்னதை மாற்றவில்லை.

2011ஆம் ஆண்டு செப்டம்பர் 29. தருமபுரி மாவட்ட முதன்மை நீதிபதி குமரகுரு தீர்ப்பு வழங்கினார். வழக்கு நடந்த காலத்திலேயே குற்றம் சாட்டப்பட்டோரில் 54 பேர் இறந்துவிட்டிருந்தனர். எஞ்சிய 215 பேரும் குற்றவாளிகளே என்றார் நீதிபதி. வனத்துறையினர் 126, காவல்துறையினர் 84, வருவாய்த்துறையினர் 5. ஒருவர்கூட விடுவிக்கப்படவில்லை. பெண்களுக்குக் கொடுமை இழைத்தமைக்காக 17 பேர் தண்டனை பெற்றனர். அவர்களுள் 12 பேருக்குப் பத்தாண்டும், 5 பேருக்கு ஏழாண்டும் சிறை. ஏனையோருக்குக் குறைந்த காலத் தண்டனைகள். தண்டிக்கப்பட்டோருள் இந்திய வனப்பணியைச் சேர்ந்த உயர் அதிகாரிகள் நால்வரும் இருந்தனர்.

அவர்கள் மேல்முறையீடு செய்தனர். மேலும் பன்னிரண்டு ஆண்டுகள் கழிந்தன. 2023ஆம் ஆண்டு மார்ச் மாதத்தில் உயர்நீதிமன்ற நீதியரசர் வேல்முருகன் தாமே வாச்சாத்திக்குச் சென்று இடங்களைப் பார்வையிட்டார். முதல் தீர்ப்பு வந்த அதே செப்டம்பர் 29ஆம் நாளில் மேல்முறையீடுகள் அனைத்தையும் தள்ளுபடி செய்தார். பாதிக்கப்பட்ட பதினெட்டுப் பெண்களுக்கும், அவர்களுள் இறந்துபோனவர்களின் குடும்பத்தார்க்கும் தலா 10 லட்சம் ரூபாய் வழங்க வேண்டும். அதில் பாதியைக் குற்றவாளிகளிடமிருந்தே வசூலிக்க வேண்டும் என்றார். அன்றைய மாவட்ட ஆட்சியர், காவல் கண்காணிப்பாளர், மாவட்ட வன அலுவலர் ஆகியோர்மீது நடவடிக்கை எடுக்கவும் ஆணையிட்டார். உண்மையான கடத்தல்காரரையும் பெரிய மனிதர்களையும் காப்பாற்றவே, அன்றைய அரசின் துணையோடு, இவ்வெளிய மக்கள் பலியாக்கப்பட்டனர் என்பதும் அத்தீர்ப்பில் கண்ட கருத்து.

நாம் கற்கும் பாடங்கள்

முதலாவது, குற்றம் சாட்டப்பட்டவரே விசாரிப்பவராக இருத்தல் ஆகாது. வாச்சாத்தி வழக்கு மாநிலக் காவல்துறையின் கையிலேயே இருந்திருந்தால் அது கோப்புகளுக்கிடையே மாண்டிருக்கும். 2006ஆம் ஆண்டில் பிரகாஷ் சிங் வழக்கில் உச்ச நீதிமன்றம், காவலர்மீதான புகார்களை விசாரிக்க ஓய்வுபெற்ற நீதிபதிகளின் தலைமையில் தனி ஆணையங்கள் வேண்டும் என்று எல்லா மாநிலங்களுக்கும் ஆணையிட்டதன் கருத்து இதுவே. நம் மாநிலத்திலோ 2013ஆம் ஆண்டுச் சட்டம் அவ்வாணையத்தின் தலைமையை உள்துறைச் செயலரிடம் தந்தது. காவல்துறை எத்துறையின் கீழ் உள்ளதோ அத்துறையின் செயலரே புகாரையும் கேட்பது பொருந்துமா என்று கேட்கும் உரிமை நமக்கு உண்டு.

இரண்டாவது, மேலிடத்து ஆணை எவர்க்கும் கேடயம் ஆகாது. கீழுள்ளோர் செய்தார் என்று மேலிடமும் தப்பலாகாது. கடைநிலை ஊழியரும் தண்டிக்கப்பட்டார். வனப்பணி அதிகாரியும் தண்டிக்கப்பட்டார். ஊரை எரிக்கச் சொன்னால் எரிப்பது கீழ்ப்படிதல் அன்று. நம் குடும்பங்களிலிருந்தும் பிள்ளைகள் காவல்துறையிலும் வனத்துறையிலும் பணிபுரிகின்றனர். அவர்களுள் பலர் நேர்மையாளர். இரவு பகல் பாராது உழைப்பவர்கள். அவர்களுடைய பெற்றோருக்கு நாம் சொல்வது இது: சீருடை அணிந்து வரும் மகனைப் பார்த்துப் பெருமை கொள்ளுங்கள், கூடவே, மனச்சான்றுக்கு மாறான ஆணை வந்தால் மறுக்கும் துணிவையும் அவனுக்கு ஊட்டுங்கள். அன்று அந்த 269 பேரில் சிலரேனும் "இது தகாது" என்று உரக்கச் சொல்லியிருந்தால், அப்பெண்களும் காப்பாற்றப்பட்டிருப்பர். அவர்தம் குடும்பங்களும் தலைகுனிந்திரா.

மூன்றாவது, தாமதமும் ஓர் அநீதியே. 54 பேர் எந்தத் தீர்ப்பையும் கேளாமலே இறந்தனர். பாதிக்கப்பட்ட பெண்களிலும் சிலர் இறுதித் தீர்ப்பைக் காணவில்லை. நீதி வென்றது என்று நாம் மகிழும்போது, அவ்வெற்றியின் விலையையும் மறவாதிருத்தல் வேண்டும்.

எல்லைப்புறத்தில் வாழும் நமக்கு

இரு மாநில எல்லையில் வாழ்வோர்க்கு இச்செய்தி இன்னும் நெருக்கமானது. வீரப்பனைத் தேடிய இரு மாநில அதிரடிப்படையினர் எல்லையோர ஊர்களில் அப்பாவிகளைத் துன்புறுத்தினர் என்னும் புகார்களை விசாரிக்க, தேசிய மனித உரிமை ஆணையம் நீதியரசர் சதாசிவா தலைமையில் குழு அமைத்தது. 2007ஆம் ஆண்டில் 89 பேருக்கு 2 கோடியே 80 லட்சம் ரூபாய் இழப்பீடு வழங்குமாறு ஆணையம் கூறியது. இழப்பீடு காயத்திற்கு மருந்தாகலாம். ஆனால் இழப்பீடு வேறு, குற்றவாளியைக் கூண்டில் ஏற்றுவது வேறு. வாச்சாத்தியின் சிறப்பு பின்னதையும் சாதித்தமையே.

2023ஆம் ஆண்டு ஜூன் மாதத்தில் நம் மாவட்டத்துப் புளியாண்டப்பட்டியைச் சேர்ந்த குறவர் சமூகத்தாரை, ஆந்திரத்துச் சித்தூர்ப் போலீசார் கொண்டுசென்று கொடுமை செய்தனர் என்ற புகார் எழுந்ததை நாளிதழ்களில் வாசித்தோம். அன்று மலையாளிப் பழங்குடியினர், பிறகு குறவர். நாளை ஓசூர் சிப்காட் ஆலைகளை நம்பி ஒடிசாவிலிருந்தும் பீகாரிலிருந்தும் வந்து, ஒரே அறையில் பலராய்த் தங்கியிருக்கும் இளைஞராக இருக்கலாம். ஓரிடத்தில் திருட்டு நிகழ்ந்தால், மொழி தெரியாத அவர்களையே நம் விரலும் முதலில் சுட்டுகிறதன்றோ? சந்தேகம் எப்போதும் சரிவை நோக்கியே பாய்கிறது.

குடும்பங்கள் அறிந்திருக்க வேண்டியவை

சட்டம் அறியாதவர்க்குச் சட்டம் இருந்தும் பயனில்லை. ஆதலின் சிலவற்றை இங்கே தருகிறோம். குடும்பத்தார் கூடியிருந்து இதனை வாசித்தல் நலம்.

கைது செய்யப்பட்ட எவரையும், பயண நேரம் நீங்கலாக 24 மணி நேரத்திற்குள் நீதித்துறை நடுவர் முன் நிறுத்தியாக வேண்டும். இது அரசியல் சட்டத்தின் 22ஆம் விதி தரும் உரிமை. நடுவர் முன் நிற்கும்போது, அடிபட்டிருந்தால் அதை அஞ்சாமல் சொல்ல வேண்டும்.

கைது செய்ய வருபவர் தம் பெயரும் பதவியும் தெரியும்படி பட்டை அணிந்திருக்க வேண்டும். கைதுக் குறிப்பு எழுதிச் சாட்சியின் கையொப்பம் பெற வேண்டும். உறவினர்க்கோ நண்பர்க்கோ தகவல் தர வேண்டும். மருத்துவப் பரிசோதனை நடத்த வேண்டும். 1996ஆம் ஆண்டில் டி.கே. பாசு வழக்கில் உச்ச நீதிமன்றம் வகுத்த நெறிகள் இவை. 2020ஆம் ஆண்டில் ஒவ்வொரு காவல் நிலையத்திலும் கண்காணிப்புக் கேமரா இருக்க வேண்டும் என்றும் அந்நீதிமன்றம் ஆணையிட்டுள்ளது.

மிக அவசியமான சூழ்நிலையிலன்றி, கதிரவன் மறைந்தபின் உதிக்கும்வரை பெண்களைக் கைது செய்யலாகாது. சாட்சியாக விசாரிக்க வேண்டுமாயின் அவர்கள் வசிக்கும் இடத்திலேயே விசாரிக்க வேண்டும். காவல் நிலையத்திற்கு வரச்சொல்லிக் கட்டாயப்படுத்தலாகாது.

பெண்களுக்கு இழைக்கப்படும் கொடுங்குற்றங்கள் பற்றிய புகாரைப் பதிவுசெய்ய மறுக்கும் அரசு ஊழியரே தண்டனைக்குரியவர். 2013ஆம் ஆண்டுத் திருத்தத்தால் வந்த பாதுகாப்பு இது. இத்தகைய குற்றம் புரிந்த அரசு ஊழியர்மீது வழக்குத் தொடர அரசின் முன் அனுமதியும் தேவையில்லை என்று அத்திருத்தமே தெளிவாக்கிற்று.

பெண்கள், தாழ்த்தப்பட்டோர், பழங்குடியினர், காவலில் உள்ளோர் ஆகியோர்க்கு வருமான வரம்பு பாராமல் இலவசச் சட்ட உதவி உண்டு. மாவட்ட நீதிமன்றத்தில் உள்ள சட்டப்பணிகள் ஆணைக்குழுவை அணுகலாம். மாநில மனித உரிமை ஆணையத்திற்குக் கட்டணமின்றி எழுதலாம். ஆனால் நிகழ்ச்சி நடந்து ஓராண்டிற்குள் எழுதவேண்டும்.

முடிவாக...

"தப்புச் செய்யாதவனையா பிடிப்பார்கள்?" என்று இனி எவரேனும் கேட்டால், கைக்குழந்தையோடு சேலம் சிறைக்குச் சென்ற தாயை நினைப்போம். "ஏழைகள் என்ன செய்துவிட முடியும்?" என்று கேட்டால், 215 அரசு ஊழியர் முன் நின்று சொன்னதையே சொல்லி, பத்தொன்பது ஆண்டுகள் அசையாதிருந்த பதினெட்டுப் பெண்களை நினைப்போம். அவர்களிடம் பணம் இல்லை, பதவி இல்லை, படிப்பும் இல்லை. நடந்ததை நடந்தபடி சொல்லும் நாவு ஒன்றே அவர்களுடைய படைக்கலம். அந்நாவுக்குத் துணையாகச் சிலர் நின்றனர். அதுவே போதுமானதாயிற்று.

நம் தெருவில் ஒரு வீட்டுக்காரரை நள்ளிரவில் எங்கோ கொண்டுபோனார்கள் என்று கேள்விப்படும்போது, கதவைச் சாத்திக்கொள்வதா, மறுநாள் காலையில் அக்குடும்பத்தாரோடு இருவராய் மூவராய்க் காவல் நிலையம் வரை செல்வதா என்பதை நாம்தான் முடிவு செய்யவேண்டும். செல்வதற்குச் சட்டத்தில் தடையில்லை. தடை நம் அச்சத்தில் மட்டுமே உள்ளது. வேலி பயிரை மேயாதிருக்க வேண்டுமாயின், நிலத்துக்குரியவர் விழித்திருத்தல் வேண்டும். விழித்திருப்போமாக.